அசையாமல் கிடப்பது தூக்கமல்ல

இந்த வருடம் கல்யாண நாளுக்கு என் கணவர் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தார். அவரே அதை என் கைபேசியோடு இணைத்து, தூக்கத்தை அளக்கும் செயலியை இறக்கி, வீட்டிலிருக்கும் எடை மிஷினையும் அதில் சேர்த்தார். திரை வரிசையாக அனுமதி கேட்டது: இதயத்துடிப்பு, தூக்கம், எடை, மாதவிடாய். "எல்லாத்துக்கும் ஓகே குடுத்துட்டேன்" என்றார். உடம்பு என்னுடையது, ஓகே அவருடையது.

பகிர்வில் தன் பெயரையும் சேர்த்திருக்கிறார் என்பது மறுநாள் தோசைக்கல் முன்னால் நிற்கும்போதுதான் தெரிந்தது. தன் கைபேசியைப் பார்த்தபடி சொன்னார்: "மார்க் 61தான். ஒழுங்காத் தூங்க மாட்டியா?" பிறருக்கு மதிப்பெண் போட்டே காலம் தள்ளுகிறவள் நான். தூங்கியதற்கு மதிப்பெண் வாங்கியது அன்றுதான்.

அந்த இரவில் நடந்தது இது. பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தேன். ஒன்றரைக்கு அத்தையைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் வந்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் விழித்துவிடுவாரே என்று புரளாமல் கிடந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தை வாட்ச் 'லேசான உறக்கம்' என்று எழுதி வைத்திருந்தது. ஆய்வகத்தில் தூக்கத்தை அளப்பவர்கள் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். வாட்சுக்கு மூளை எட்டாது. கை அசைகிறதா என்று பார்க்கும், பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி நாடித்துடிப்பை எடுக்கும், மிச்சம் ஊகம். அசையாமல் விழித்திருப்பவளைத் தூங்குகிறவளாக எண்ணிவிடுவது இந்தக் கருவிகளின் தெரிந்த குறை. அசையாமல் கிடக்கப் பழக்கப்பட்ட பெண்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்!

தினமும் ஒரே நேரத்தில் படுங்கள், மாலைக்குப் பிறகு காபி வேண்டாம் என்று செயலி புத்தி சொல்கிறது. அத்தையை இன்றைக்கு மகன் கூட்டிப்போகட்டும் என்று சொல்லாது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. எடை மிஷினை இணைக்கலாம், ரத்த அழுத்தக் கருவியை இணைக்கலாம். இந்த 201 நிமிடத்தை எந்த வாட்சோடு இணைப்பது?

இணைத்த பிறகு நம் விவரம் நம்மிடம் நிற்பதுமில்லை. ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்ட் ஒவ்வொரு வகைத் தரவுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கிறது, அது நல்லதே. ஆனால் ஒரு செயலி ஏற்கெனவே படித்துக்கொண்டு போனதை, அனுமதியை விலக்குவதால் மட்டும் திரும்ப வாங்க முடியாது. உறங்கும்போது பதிவாகும் தோலின் வெப்பத்தை வைத்துக் கருமுட்டை வெளியாகும் நாளைக் கணிக்கிறார்கள். ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலி பெண்களின் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குக் கொடுத்ததென்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2021இல் அதைச் சமரச உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

நிறுவனங்களைவிட எனக்கு வீட்டின் மேல்தான் பயம். விடுதியில் தங்கியிருக்கும் மாணவி ஒருத்திக்கு நிச்சயமாகியிருக்கிறது. வாட்ச் அவர் கொடுத்தது, கணக்கின் கடவுச்சொல்லும் அவரிடம். "ரெண்டு மணி வரைக்கும் யார்கூடப் பேசிட்டிருந்தே?" என்று கேட்கிறாராம். "பரீட்சைக்குப் படிச்சேன் மேடம்" என்று என்னிடமும் விளக்கம் சொன்னாள். எனக்கு எதற்கம்மா விளக்கம்?

குறுந்தொகையின் ஆறாம் பாட்டில், உலகமே உறங்கும் நடுச்சாமத்தில் ஒருத்தி விழித்திருக்கிறாள். அதைத் தோழியிடம் சொல்கிறாள், தானே சொல்கிறாள். யாரும் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை.

மாணவியைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் கடவுச்சொல்லை மாற்றினோம். அவள் பார்த்துக்கொண்டிருக்க என் கைபேசியிலும் அமைப்புகளைத் திறந்து மாதவிடாயை நீக்கினேன், எடையை நீக்கினேன், பகிர்விலிருந்த பெயரையும் நீக்கினேன். வாட்சைக் கழற்றவில்லை, எத்தனை படி ஏறுகிறேன் என்ற கணக்கு எனக்கு வேண்டும்.

மறுநாள் காலையில், "மார்க் வரலையே?" என்றார் கணவர்.

"இன்னிக்கு ராத்திரி நீங்க கட்டிக்கோங்க. ஒன்றரைக்கு அத்தையையும் நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றேன்.