டொனேஷன் கொடுத்து கட்-ஆஃப் ஏத்தின மேரி!

மெடிக்கல் காலேஜுக்கு டொனேஷன் கொடுத்தா என்ன கிடைக்கும்? 'சீட்!'னு கோரஸா கத்துவீங்க. மார்க் எங்கே குறையுதோ, அங்கே நோட்டுக் கட்டு வந்து உட்காரும். நமக்குத் தெரிஞ்ச ஃபார்முலா அவ்வளவுதான் பாஸ்!

ஆனா, ஒரு அம்மணி பெட்டி பெட்டியா பணத்தைக் கொடுத்துட்டு, 'அட்மிஷனைக் கஷ்டமாக்குங்க'னு கண்டிஷன் போட்டிருக்காங்க. அதுவும் அந்த நாட்டுல எந்த மெடிக்கல் காலேஜும் கனவுலகூட நினைக்காத அளவுக்குக் கஷ்டமா! சரி, அவங்களுக்காவது ஒரு சீட் கேட்டாங்களான்னா, அதுவும் இல்லை.

இந்த வாரம் 'காலேஜ் பொறந்த கதை'க்காக நாம இறங்கப் போற ஊர் அமெரிக்காவின் பால்டிமோர். காலேஜ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி. வாசல் திறந்த வருஷம் 1893.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடுவோம். அது 'ஜான் ஹாப்கின்ஸ்' இல்லை, 'ஜான்ஸ்'. கொள்ளுப்பாட்டியோட பிறந்த வீட்டுப் பேரை முதல் பேரா வெச்சுட்டாங்க. மளிகை மொத்த வியாபாரத்துல ஆரம்பிச்சு, பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வே ஷேர்கள்ல பெரும் பணக்காரரா ஆனவர். கல்யாணம் பண்ணிக்கலை. 1873-ல் சாகும்போது 70 லட்சம் டாலரை ரெண்டு பங்காப் பிரிச்சு, ஒரு பங்குல பல்கலைக்கழகம், இன்னொரு பங்குல ஆஸ்பத்திரின்னு எழுதி வெச்சுட்டுப் போனார். ரெண்டையும் இணைச்சு ஒரு மருத்துவக் கல்லூரி வரணும்கிறது அவர் ஆசை.

பல்கலைக்கழகம் 1876-ல் திறந்தாச்சு. ஆஸ்பத்திரி 1889-ல் திறந்தாச்சு. டாக்டர்களையும் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாச்சு. காலேஜ்தான் வரலை. காரணம் சிம்பிள்... பல்கலைக்கழகத்தோட பங்கு பெரும்பாலும் அந்த ரயில்வே ஷேர்லதான் கிடந்தது. 1880-களின் கடைசியில கம்பெனி டிவிடெண்ட் கொடுக்கிறதை நிறுத்திடுச்சு. கல்லா காலி!

அந்தக் காலத்து அமெரிக்க மெடிக்கல் காலேஜ் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் மேட்டரோட சூடு புரியும். ப்ளஸ் டூ மாதிரி பள்ளிப் படிப்பை முடிச்சிருக்கணும்னுகூட பல இடங்கள்ல கட்டாயம் இல்லை. சினிமா மாதிரி ஒவ்வொரு புரொபசரோட லெக்சருக்கும் டிக்கெட் வாங்கணும், காசு நேரா புரொபசர் பாக்கெட்டுக்கு. நிறைய இடங்கள்ல முதல் வருஷம் கேட்ட அதே லெக்சரை ரெண்டாம் வருஷமும் கேட்கணும், ரீ-ரிலீஸ்! நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே டாக்டராகி வெளியே வந்தவங்க ஏராளம். ஹார்வர்டுலயே 1870 வாக்குல எழுத்துத் தேர்வு வைக்கலாம்னு தலைவர் சொன்னப்போ, பாதிப் பசங்களுக்கு ஒழுங்கா எழுதவே வராதேன்னு ஒரு புரொபசர் மறுத்திருக்கார். காமெடி இல்லை, இவங்கதான் அப்புறம் கத்தி எடுத்தவங்க.

இப்போ ஹீரோயின் என்ட்ரி. மேரி எலிசபெத் கேரெட் (காய்கறி இல்லை, குடும்பப் பேர்!). அப்பா ஜான் கேரெட் அதே ரயில்வேயோட தலைவர், ஹாப்கின்ஸோட நண்பர். அப்பாவோட பிசினஸ் கடிதங்களை எழுதினது, மீட்டிங்குக்குக் கூடப் போனது எல்லாம் மேரிதான். ஆனா, கம்பெனி நாற்காலி அண்ணன்களுக்கு. காலேஜ் படிப்பும் அவருக்கு வாய்க்கலை. 1884-ல் அப்பா இறந்தப்போ சொத்துல மூணுல ஒரு பங்கு மேரிக்கு வந்தது.

மேரிக்கு ஒரு கேங் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடி புத்தகம், அரசியல்னு அரட்டை அடிக்கிற பொண்ணுங்க. அதுல பலரோட அப்பாக்கள் ஹாப்கின்ஸ் டிரஸ்ட்டிகள். கேங்ல ஒருத்தர் கேரி தாமஸ். கார்னெல்ல பட்டம் வாங்கிட்டு ஹாப்கின்ஸ்ல மேல்படிப்புக்கு சேர்ந்தார். சேர்த்துக்கிட்டாங்க, ஆனா பசங்க இருக்கிற கிளாஸ்ல உட்காரக் கூடாதுன்னுட்டாங்க! (அப்புறம் எதுக்கு சேர்த்தாங்கன்னு கேட்காதீங்க.) இவங்க அப்பா அங்கே டிரஸ்ட்டி, அப்படியும் இந்த நிலைமை. ஒரு வருஷம் பார்த்துட்டு 1878-ல் வெளியே வந்து, சூரிச் போய் 1882-ல் டாக்டர் பட்டத்தோட திரும்பினார். அந்தக் காயம் ஆறலை.

காலேஜ் பணமில்லாம நிக்குதுன்னு தெரிஞ்சதும் கேங் களத்துல இறங்கிடுச்சு. 1890-ல் ஊர் ஊரா பெண்கள் கமிட்டி அமைச்சாங்க. வாஷிங்டன் கமிட்டிக்குத் தலைமை, அப்போதைய ஜனாதிபதியோட மனைவி கரோலின் ஹாரிசன்! கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர் சேர்ந்தது, அதுல பெரும் பங்கு மேரி போட்டது. 'இந்தாங்க பணம். பசங்களுக்கு என்ன ரூலோ, பொண்ணுங்களுக்கும் அதே ரூல்ல சேர்க்கணும்.' இதுதான் டீல்.

டிரஸ்ட்டிகள் நம்ம ஆபீஸ் கிளார்க் மாதிரியே பதில் சொன்னாங்க. மறுக்கலை. பணத்தை வாங்கிக்கிட்டாங்க. ஆனா, மொத்தம் 5 லட்சம் சேர்ந்தாதான் கதவைத் திறப்போம்னுட்டாங்க. அந்தக் காலத்துல 5 லட்சம் சேராதுங்கிற தைரியம்தான்னு எனக்குத் தோணுது. ரெண்டு வருஷம் ஓடுச்சு. 1892 டிசம்பர்ல மேரி பாக்கி மொத்தத்தையும் தானே தர்றேன்னு எழுதிட்டார்: 3,06,977 டாலர். ரவுண்டா 3 லட்சம்னு இல்லை பாருங்க, கடைசி டாலர் வரைக்கும் கணக்கு. ரயில்வே வீட்டுப் பொண்ணு!

இந்தத் தடவை கண்டிஷன் லிஸ்ட் நீளம். பெண்களுக்கு சம உரிமை, அது மாறாது. கூடவே, சேர வர்றவங்க எல்லாரும் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியிருக்கணும். இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருக்கணும். ஃபிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரியணும். படிப்பு நாலு வருஷம். எப்பவாவது இதை மீறினா பணத்தைத் திருப்பிக் கொடுத்துடணும்.

இதுல செம ட்விஸ்ட் என்னன்னா, இந்த லிஸ்ட் மேரி புதுசா எழுதினது இல்லை. நோய்க்குறியியல் பேராசிரியர் வில்லியம் வெல்ச், ஒரு லட்சியக் கல்லூரி எப்படி இருக்கணும்னு ஏற்கெனவே காகிதத்துல எழுதி வெச்சிருந்ததுதான். எழுதினப்போ அவருக்கே அது நடக்கும்னு நம்பிக்கை இல்லை. மேரி அதை எடுத்து, 'நீங்க எழுதினதுதானே, செய்யுங்க'ன்னு நின்னதும் எல்லாருக்கும் வயித்தைக் கலக்கிடுச்சு. இவ்வளவு கேட்டா எவன் வந்து சேருவான்? கொஞ்சம் தளர்த்துங்கன்னு பல்கலைக்கழகத் தலைவர் கில்மன் பேசிப் பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை இழுபறி. அடிப்படையில மேரி அசையவே இல்லை. மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர், 'நல்லவேளை நாம புரொபசரா வந்துட்டோம், ஸ்டூடன்ட்டா வந்திருந்தா நமக்கு இங்கே இடமே கிடைச்சிருக்காது'ங்கிற அர்த்தத்துல வெல்ச்கிட்ட ஜோக் அடிச்சது ரொம்பப் பிரபலம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? தரத்தைக் குறைச்சு ஒரு காலேஜைத் திறந்து, அதுல பொண்ணுங்களைச் சேர்த்தா, 'பொண்ணுங்க வந்ததாலதான் தரம் போச்சு'ன்னு ஊர் சொல்லும். எல்லாருக்கும் தடையை உசத்தி வெச்சு, அதைத் தாண்டி பொண்ணுங்க உள்ளே வந்தா, யார் வாயைத் திறப்பா? எனக்குப் புரியுற கணக்கு இதுதான். பெண்களை டாக்டருக்குப் படிக்க விட்ட முதல் காலேஜ் ஹாப்கின்ஸ் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870-லயே விட்டிருந்தது, பெண்களுக்குன்னே தனிக் காலேஜ்களும் இருந்தன. நாட்டுலயே கஷ்டமான காலேஜ்ல, சம விதியில, எழுத்துல எழுதி வாங்கினதுதான் மேரியோட சாதனை.

1893 அக்டோபர்ல கிளாஸ் ஆரம்பம். மொத்தம் 18 பேர், அதுல 3 பெண்கள். இன்னிக்கு நம்ம காலேஜ் மினி பஸ்லகூட அதைவிடக் கூட்டம்! 1897-ல் பட்டம் வாங்கினது 15 பேர், அதுல ஒரே ஒரு பெண், மேரி பேக்கர்டு. மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மதம் பக்கம் போயிட்டார், இன்னொருத்தர் அனாடமி புரொபசர் ஃபிராங்க்ளின் மாலையே கல்யாணம் பண்ணிக்கிட்டுப் படிப்பை விட்டுட்டார்.

உள்ளே வந்தவங்களுக்குக் கிடைச்ச படிப்பு வேற லெவல். முதல் ரெண்டு வருஷம் ஜெர்மனி பாணியில லேப். அடுத்த ரெண்டு வருஷம் வார்டு. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல இருந்த பழக்கத்தை ஆஸ்லர் இங்கே பாடத்திட்டமாவே ஆக்கினார். ஸ்டூடன்ட்டுக்கு இத்தனை படுக்கைன்னு ஒதுக்கிடுவாங்க. நோயாளிகிட்ட கதை கேட்கிறது, ரத்தம் சோதிக்கிறது, நோட்டுல எழுதுறது எல்லாம் அவங்க வேலை. நம்ம ஜி.ஹெச்-ல சீனியர் டாக்டர் பின்னாடி ஒரு வெள்ளைக் கோட்டுக் கூட்டம் படுக்கை படுக்கையா நகருதே, அங்கேயும் அதே சீன்தான்.

அறுவை சிகிச்சை வில்லியம் ஹால்ஸ்டெட் கையில. இவர் கதையில லவ் உண்டு! 1889-90 குளிர்காலத்துல ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்குக் கையெல்லாம் புண். கிருமி நாசினியா வெச்சிருந்த மெர்க்குரிக் குளோரைடு பண்ணின வேலை. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி மெல்லிசா கையுறை செஞ்சு வாங்கிக் கொடுத்தார். 1890-லயே கல்யாணம். கிருமி நோயாளிக்குப் போகாம இருக்கத்தான் கையுறைன்னு எல்லாரும் உணர இன்னும் சில வருஷம் ஆச்சு. அதே ஹால்ஸ்டெட், மரத்துப் போற மருந்தா கோகெயினைத் தன் மேலயே சோதிச்சு அடிமையானவர், அப்புறம் மார்ஃபினோட வாழ்ந்தவர். ஆஸ்லர் அதை எழுதி வெச்ச ரகசியக் குறிப்பு 1969-லதான் வெளியே வந்தது.

வெல்ச், ஆஸ்லர், ஹால்ஸ்டெட், மகப்பேறு மருத்துவர் ஹோவர்டு கெல்லி... இந்த நாலு பேரையும் ஒண்ணா வெச்சு ஓவியர் சார்ஜன்ட் வரைஞ்ச பெரிய படம் ஒண்ணு உண்டு. 1906-ல் முடிஞ்சது. அதுக்கும் காசு கொடுத்தது மேரிதான்!

போட்ட பணம் வீண் போகலை. 1900-ல் பட்டம் வாங்கின டோரத்தி ரீட், ஹாட்ஜ்கின் நோயில வர்ற ஒரு செல்லை 1902-ல் தெளிவா விவரிச்சார். இன்னிக்கும் பேத்தாலஜி புத்தகத்துல அது ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். அவரோட கிளாஸ்மேட் ஃபுளோரன்ஸ் சேபின் 1917-ல் அந்தக் காலேஜோட முதல் பெண் முழுப் பேராசிரியர். ஆனா, அதே வருஷம் அனாடமி துறைத் தலைவர் நாற்காலி காலியானப்போ அது இவருக்குக் கிடைக்கலை. இவர்கிட்ட படிச்ச ஒரு ஆணுக்குப் போச்சு. அட்மிஷனுக்குத்தான் மேரி கண்டிஷன் எழுதியிருந்தார், புரமோஷனுக்கு இல்லையே.

இன்னொரு இடத்துலயும் அந்த லிஸ்ட் மௌனம். நிறம்! ஆஸ்பத்திரியில ஏழைகளுக்கு நிறம் பார்க்காம வைத்தியம் செய்யணும்னு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எழுதி வெச்சிருந்தார். உள்ளே வார்டுகள் என்னமோ தனித்தனிதான். அந்த ஹாப்கின்ஸ் வீட்டுலயே 1850 மக்கள்தொகைக் கணக்குல நாலு அடிமைகள் பதிவாகியிருக்காங்கன்னு 2020-ல் பல்கலைக்கழகமே அறிவிச்சது. காலேஜ் அட்மிஷன் பத்தி அவரும் எதுவும் எழுதலை, மேரியும் எழுதலை.

1910-ல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர்ங்கிற ஹாப்கின்ஸ் பழைய மாணவர், அமெரிக்கா, கனடாவில் இருந்த 155 மெடிக்கல் காலேஜ்களையும் அலசி ஒரு ரிப்போர்ட் போட்டார். அளவுகோல்? ஹாப்கின்ஸேதான். டிக்கெட் விக்கிற காலேஜ்கள் வரிசையா மூடின. நல்ல விஷயம்தான், மறுக்க முடியாது. ஆனா, கறுப்பினத்தவருக்குன்னு இருந்த ஏழு காலேஜ்கள்ல அஞ்சு அடுத்த சில வருஷத்துல காணாமப் போச்சு. லேப் கட்டவும், பட்டதாரிகளை மட்டுமே சேர்க்கவும் அவங்களுக்கு எந்த ரயில்வே வீட்டுப் பொண்ணும் செக் எழுதலை. தரத்தை உசத்தினா தகுதி ஜெயிக்கும்னு நாம கிளாஸ்ல டிபேட் பண்றோமே, அந்தத் தரத்தை எட்டிப் பிடிக்கிற ஏணி யார் வீட்டுல இருக்குங்கிறதையும் சேர்த்துப் பேசணும்.

ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில முதல் முதலா கறுப்பின மாணவர்கள் பட்டம் வாங்கினது 1967-ல். ரெண்டு பேர். ராபர்ட் கேம்பிள், கென்யாவிலிருந்து வந்த ஜேம்ஸ் நாப்வாங்கு. காலேஜ் திறந்து அப்போ 74 வருஷம் ஆகியிருந்தது.