சேர்ந்து பாடவுமா தேர்வு?

பள்ளி விழாவில் பாட ஆசைப்பட்ட என் மகளை, "உனக்குக் குரல் சேரலை" என்று கழித்துவிட்டார்கள். ஒரு வாரமாகப் பாட்டு என்றாலே வாய் திறக்க மாட்டேன் என்கிறாள்.

நான் படித்தபோது எங்கள் பாட்டு டீச்சர் யாரையும் ஒதுக்கியதில்லை. சுருதி சேராதவளை, நன்றாகப் பாடுகிறவள் பக்கத்தில் நிறுத்துவார். கேட்டுக் கேட்டே குரல் தானாகச் சேர்ந்துகொள்ளும். டீச்சர் இப்போது இல்லை. ஆனாலும் இன்றைக்கு அடுப்படியில் நான் வாய்விட்டுப் பாடுகிறேன் என்றால், அது அவர் கொடுத்த தைரியம்தான்.

'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன், சினிமாவோடு நின்றுவிடவில்லை. 'மெட்ராஸ் யூத் காயர்' என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் பல மொழிப் பாடல்களை ஒன்றாகப் பாட வேண்டும் என்று 1988-ல் மறையும்வரை உழைத்தார்.

போட்டி என்றால் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கட்டும். சேர்ந்து பாடுவதற்குமா வடிகட்டல்? சங்கீத மும்மூர்த்திகளும் பிறந்த நம்ம திருவாரூரில் ஒரு குழந்தை, "எனக்குப் பாட்டு வராது" என்று ஒதுங்கலாமா? தாய்மார்களே, வாரத்தில் ஒரு பீரியடாவது எல்லாப் பிள்ளைகளையும் சேர்ந்து பாட வைக்கும்படி பள்ளிகளில் கேளுங்கள்!

- ஒரு வாசகி, திருவாரூர்.