திசுப் படமெடுப்பு வேகமடைந்துள்ளது. அறிக்கைக்கு ஏன் இன்னும் காத்திருக்கிறோம்?

கட்டியிலிருந்து சிறு திசு எடுக்கப்பட்ட நாள் முதல் அறிக்கை கைக்கு வரும் வரையிலான காத்திருப்பு எந்தக் குடும்பத்திற்கும் எளிதன்று. புற்றுநோயா, இல்லையா, எத்தகைய சிகிச்சை என்பன அந்த அறிக்கையைச் சார்ந்தே முடிவாகின்றன. கண்ணாடித் தகட்டிலுள்ள திசு முழுவதையும் ஓரிரு நிமிடங்களில் படமெடுக்கும் கருவிகள் வந்துள்ளன. எனினும் அறிக்கைக்குச் சில நாள்கள் ஆவது ஏன் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

படமெடுப்புக்கு முந்தைய பணிகள்

எடுக்கப்பட்ட திசு முதலில் ஃபார்மலின் கரைசலில் இடப்படுகிறது. மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பிகளைக் கண்டறியும் சோதனைக்கு, திசு 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு நெறிமுறை. பின்னர் நீர் நீக்கப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவப்பட்டு, சாயமேற்றப்படுகிறது. இப்பணிகளை அவசரப்படுத்தினால் செல்களின் அமைப்பு சிதையும். அதன்பின் எத்தனை வேகமாகப் படமெடுத்தாலும் பயனில்லை.

வேகம் எங்கிருந்து வருகிறது?

15 மி.மீ. சதுரமுள்ள திசுவை, ஒரு படப்புள்ளிக்கு 0.25 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் பதிவு செய்ய 360 கோடி படப்புள்ளிகள் தேவை. உயர் உருப்பெருக்கத்தில் நுண்ணோக்கி ஒரு நேரத்தில் காண்பதோ 1 மி.மீ.க்கும் குறைந்த பரப்பு. ஒவ்வொரு பரப்பிலும் நின்று, குவியத்தைச் சரிசெய்து படமெடுத்தால் நேரம் நீளும். வரி வரியாகப் பதிவு செய்யும் கருவிகள் தகட்டை நிறுத்தாமல் நகர்த்துகின்றன. குவிய நிலையை முன்கூட்டியே சில இடங்களில் அளந்து கொள்கின்றன. திசு மடிந்திருந்தால் படம் மங்கக்கூடும். அப்போது மீண்டும் படமெடுக்க வேண்டும்.

சென்னையில் ஒரு சான்று

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 திசுச் சீவல்களைச் செல் அளவிலான நுணுக்கத்தில் படமெடுத்து, ‘தரணி’ என்ற தரவுத் தொகுப்பாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. இதில் மெடிஸ்கேன் நிறுவனமும், வானகரத்திலிருந்து பூந்தமல்லியைக் கடந்து செல்லும் சாலையில் தண்டலத்திலுள்ள சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பங்கேற்றன. இது ஆராய்ச்சிப் பணி. நோயறிதல் சேவை அன்று. ஆயினும் ஆயிரக்கணக்கான சீவல்களைப் படமாக்கி, எங்கிருந்தும் காணச் செய்ய இயலும் என்பதை நம் நகரிலேயே காட்டியது.

நோயாளிக்கு என்ன மாற்றம்?

முதன்மை நோயறிதலுக்கு இத்தகைய கருவியைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதன்முதலில் 2017 ஏப்ரலில் அனுமதி வழங்கியது. இதன் பெரும்பயன் தகடு பயணிக்க வேண்டியதில்லை என்பதே. வானகரத்தில் எடுக்கப்பட்ட திசுவின் படத்தைத் தொலைவிலுள்ள சிறப்பு வல்லுநர் அன்றே காணலாம்; இரண்டாம் கருத்துக்காகக் குடும்பத்தினர் தகட்டைச் சுமந்து அலைவது குறையும். ஆனால் படத்தைப் படித்து முடிவு கூறுபவர் நோயியல் மருத்துவரே. கருவியைப் பணியில் சேர்க்குமுன், குறைந்தது 60 நேர்வுகளில் கண்ணாடித் தகட்டின் முடிவும் படத்தின் முடிவும் ஒத்துப்போகின்றனவா எனச் சரிபார்க்குமாறு அமெரிக்க நோயியலாளர் கல்லூரி பரிந்துரைக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• மாதிரியை நீங்களே ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால், மருத்துவமனை தரும் திரவத்திலேயே, பெயரும் எடுத்த நேரமும் குறித்த மூடிய கலனில், அன்றே ஒப்படையுங்கள். நீரில் இடாதீர்கள், உறையவைக்காதீர்கள்.

• அறிக்கை தாமதமானால் காரணத்தைக் கேளுங்கள். கூடுதல் சாயச் சோதனை தேவைப்பட்டிருக்கலாம்; தாமதம் என்றாலே நோய் முற்றியது என்று பொருளன்று.

• படம் கிடைத்தாலும் மெழுகுக் கட்டியையும் தகட்டையும் விட்டுவிடாதீர்கள். பிற்காலச் சோதனைகளுக்குத் திசுவே தேவை; அவை எங்கு, எவ்வளவு காலம் பாதுகாக்கப்படும் எனக் கேட்டறியுங்கள்.

விரைவுக் கருவி மிச்சப்படுத்துவது தகடு தயாரான பின் ஆகும் நேரத்தை மட்டுமே. அதற்கு முந்தைய மணி நேரங்களில் திசு எவ்வாறு பேணப்பட்டது என்பதே அறிக்கையின் நம்பகத்தன்மைக்கு அடித்தளம்.