குழுவை விட்டு வெளியேற வேண்டியது யார்?

‘‘எங்கள் பகுதி விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். பெண்கள் பத்துப் பேர்தான். மணிலா இலையில் புள்ளி விழுந்தபோது, படம் எடுத்துப் போட்டு என்ன செய்யலாம் என்று கேட்டேன். நல்ல பதில் கிடைத்தது. ஆனால், அன்று இரவே குழுவில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர், ‘சாப்பிட்டீங்களா’, ‘போட்டோ நல்லாயிருக்கு’ என்று தனியாக மெசேஜ் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். இன்னும் நிறுத்தவில்லை. ‘குழுவே வேண்டாம், வெளியே வந்துடு’ என்கிறார் என் கணவர். சந்தை விலை, விதை இருப்பு, மானியச் செய்தி எல்லாம் அதில்தான் வருகிறது. என்ன செய்வது?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

வெளியேற வேண்டியது நீங்கள் இல்லை, அந்த ஆள்தான். களை எடுப்பதிலிருந்து மணிலா ஆய்வது வரை வயலில் நிற்பவர்கள் பெண்கள். பூச்சியும் நோயும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். அவர்கள் வாய் திறக்காத குழுவில் பாதி விவசாயம் பேசப்படாமலே போய்விடும்.

முதலில் நீங்கள் செய்ய வேண்டியவை. ‘எனக்கு இனி மெசேஜ் அனுப்பாதீர்கள்’ என்று ஒரே ஒருமுறை தெளிவாக எழுதி அனுப்புங்கள். அவர் அனுப்பியது, நீங்கள் அனுப்பியது இரண்டையும் தேதி, எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். பெண் விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி குற்றம். முதல்முறையே 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

தொல்லை தொடர்ந்தால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஆலோசனைக்கும் உதவிக்கும் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், உங்கள் புகைப்படத்தை உங்கள் போனில் பதிந்துவைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடுங்கள்.

ஆனால், இதோடு வேலை முடியவில்லை. நீங்கள் பிளாக் செய்தாலும், அவர் குழுவில் இருக்கும் வரை நீங்கள் அங்கே எழுதுவதை அவர் படிக்க முடியும். அவரை நீக்குவது அட்மின் கையில்தான் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை அட்மினிடம் காட்டி, நீக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

எல்லாக் குழுக்களும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒருவரைக் குழுவில் சேர்த்தால், அவருடைய போன் நம்பரை அங்கிருக்கும் அத்தனை பேரிடமும் கொடுத்ததாகத்தான் அர்த்தம். அதனால் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

* கேட்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது. அட்மின் ஒப்புதல் கொடுத்தால்தான் புதியவர் உள்ளே வரலாம் என்று செட்டிங்ஸில் மாற்றிவிடலாம்.

* அட்மின் மூன்று பேர் இருக்கட்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இப்படிப்பட்ட புகாரை ஆணிடம் சொல்லப் பலரும் தயங்குவார்கள்.

* விதிகள் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். அதையே குரல் பதிவாகவும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குரலிலேயே கேள்வி கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

* குத்தகைக்கு உழுபவர், கூலி வேலை செய்பவர், ஆடு மாடு மட்டும் வைத்திருப்பவர் என எல்லோருக்கும் இடம் வேண்டும். சாதியைச் சொல்லிக் குத்திப் பேசினால், பேசியவர் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் நீக்குங்கள்.

* மருந்து சொல்பவர், தான் பயன்படுத்திப் பார்த்ததா, யாரோ சொன்னதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

* ‘பி.எம் கிசான்’ பெயரில் வரும் ஏ.பி.கே ஃபைலை யாரும் திறக்க வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

‘‘நான் ஒரு விவசாயக் குழுவின் அட்மின். யாராவது தவறான செய்தி போட்டால் என் மேல் வழக்கு வரும் என்கிறார்களே, உண்மையா?’’

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கின்றன. சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

சட்டம் விட்டுவிட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட முடியாது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. கோயிலுக்குப் போகும் வழியில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை, ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றார்கள். அந்த வதந்தியை ஒவ்வொரு குழுவிலும் யாரோ ஒருவர்தான் ஃபார்வர்டு செய்தார். ‘இது உண்மையா, யார் சொன்னது?’ என்று கேட்க ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

அட்மினால் யாருடைய பதிவையும் எல்லோருடைய போனிலிருந்தும் நீக்க முடியும். சந்தேகமான செய்தி வந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பதிவை நீக்குங்கள். போட்டவருக்கு போன் செய்து காரணத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்தவராக இருப்பார். குழுவில் வைத்துத் திட்டினால், அடுத்த முறை நல்ல செய்தியைக்கூடப் போடத் தயங்குவார். இரண்டாவது முறையும் போட்டால் நீக்கிவிடுங்கள். ஆனால், பெண்களுக்குத் தனியாகத் தொல்லை கொடுப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு தேவையில்லை.

உங்கள் குழுவில் கடந்த ஒரு மாதத்தில் எத்தனை பெண்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள்.