இரத்தக் குழாய்க்குள் நுழையும் ஏற்றத்தாழ்வு

மாரடைப்பு என்றால் வசதி படைத்தவர்களுக்கு, அதுவும் வயதான பிறகு வரும் நோய் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது. மாணவர்களே, இதில் இரண்டு பாதியுமே தவறு.

முதலில் வயதைப் பார்ப்போம். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இருதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், 1953இல் முடிவை வெளியிட்டார்கள். வீரர்களின் சராசரி வயது 22தான். ஆனால், நான்கில் மூவருக்கு இருதயக் குழாய்களில் நோயின் அடையாளம் தெரிந்தது. அமெரிக்காவின் பொகலூசா நகரில் நடந்த நீண்டகால ஆய்வு, குழந்தைகளின் குழாய்களிலேயே கொழுப்புக் கோடுகள் தொடங்கிவிடுவதைக் காட்டியது.

இது எப்படி நடக்கிறது? இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் பரவியிருக்கின்றன. அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. புகை, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த சர்க்கரை ஆகியவை இந்தச் செல்களைப் பழுதாக்கும். நாளடைவில் குழாய் விறைக்கும். விறைத்த குழாயில் நாடி அலை வேகமாக ஓடும். அந்த வேகத்தை அளந்தே, வலி எதுவும் வருவதற்கு முன் குழாயின் நிலையை அறியலாம்.

அடுத்து வசதி. பிரிட்டனில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு, ஆண் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. கடைநிலை ஊழியர்கள் இருதய நோயால் இறப்பது, உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி முழுமையாக மறையவில்லை. பதவி இறங்க இறங்க ஆபத்து ஏறியது.

இப்போது நம் மலாக்காவுக்கு வருவோம். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். பின்னர் பெருகிய தோட்டங்களில் நம் முன்னோர் விடியலிலேயே மரம் மரமாக நடந்து பால் வெட்டினார்கள். இன்று பேரப்பிள்ளைகளில் பலர் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். நடை போய்விட்டது. சீனியும் எண்ணெயும் தங்கிவிட்டன. தூக்கமும் குறைந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. நீரிழிவு விகிதம் இந்தியர்களிடமே மிக அதிகம்.

இதற்கு “வாயைக் கட்டு” என்ற அறிவுரை மட்டும் போதாது என்பது என் கருத்து. இரவு வேலை முடிந்து வரும் தாய், கையிலிருக்கும் காசுக்கு வயிறு நிறைய எது கிடைக்குமோ அதைத்தான் வாங்குவார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனை நல்ல திட்டம்தான். ஆனால், அது 40 வயதில்தான் தொடங்குகிறது. குழாயின் கதையோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் இடம் பள்ளி. ஏற்றத்தாழ்வை அங்கேதான் எளிதாகக் குறைக்கலாம். தேர்வைக் காரணம் காட்டி உடற்கல்விப் பாடத்தை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. சிற்றுண்டிச்சாலையில் சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களின் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது.

உங்கள் கையிலும் சில உண்டு. பான டின்னின் பின்புறம் படியுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால், அரசாங்கமே 2019 முதல் அதற்குத் தனி வரி விதிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வேப்பைத் தொடாதீர்கள். மாலையில் திடலுக்குப் போங்கள். நேரத்தோடு தூங்குங்கள். பெற்றோரின் சம்பளத்தை உங்களால் இன்று மாற்ற முடியாது. இவற்றை மாற்ற முடியும். மற்றதைப் பள்ளியிடமும் அரசாங்கத்திடமும் உரிமையோடு கேளுங்கள்.