மோட்டாரைக் கொடுக்கலாமா?

இந்த வாரம் பெட்ரோலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. அதற்கு மைகார்டு மட்டும் போதாது, காலாவதியாகாத லைசென்சும் வேண்டும். என் பின்னால் உட்கார்ந்து பம்புக்கு வந்த தோழி தன் மைகார்டையும் செருகிப் பார்த்தாள். தகுதி இல்லை என்று வந்தது. புக்கிட் பெலண்டோக், சிலியாவ், தானா மேரா பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண்களில் எத்தனை பேரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டு, அமைச்சுக்கு நாலு வார்த்தை சொல்லி முடிப்பதாக உத்தேசம். அதற்குள், அந்தத் தோழிக்கு நான் மோட்டார் ஓட்டப் பழகிக் கொடுப்பது தெரிந்து, ஒட்டுக்கடையில் ஒருவர் என்னைக் கோபப்படுத்திவிட்டார்.

“உங்க மோட்டார்லயா அந்தப் பொண்ணுக்குப் பழகிக் கொடுக்கிறீங்க? கீழ போட்டா யாரு பொறுப்பு? இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு மோட்டாரு?”

முதல் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. பதில் சொல்கிறேன். மூன்றாவதைத்தான் என்னால் விட முடியவில்லை.

என் ஹோண்டா இஎக்ஸ்ஃபைவ் மோட்டாரைப் பற்றி இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் இந்த நாட்டுக்கு வந்த ரகம். தோட்டத்துச் சாலைக்கு இதைவிடத் தோதான வண்டியை நான் பார்த்ததில்லை. கிளட்ச் பிடி கிடையாது, எடை குறைவு, உதிரிப் பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். விழுந்தால் பெரும்பாலும் கண்ணாடி உடையும், மிதிகட்டை வளையும், ஓரத்தில் கீறல் விழும். அதற்கு மேல் போனால் செலவுதான். இதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். விழுந்த பிறகு பேசினால் நட்பு போய்விடும். கண்ணாடி என் செலவு, மற்றது ஆளுக்குப் பாதி என்று எங்களுக்குள் பேச்சு.

சட்டம் வேறு விஷயம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்து ரோட்டில் ஓட்டவிட்டால், 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி கொடுத்தவர் மீதும் குற்றம். காப்புறுதியும் கைகொடுக்காது. அதனால் தோழி முதலில் உண்டாங் தேர்வு எழுதினாள். 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. எல் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். நம் நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். இதைத் தெரிந்துகொண்டு, எல் எடுக்காமல் பழகலாம் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது.

பழக்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. குலை ஏற்றும் லாரி வராது. செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில், லேசான இறக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி இறங்கச் சொன்னேன். முதலில் பழக வேண்டியது பிரேக். வலது கையில் முன் பிரேக், வலது காலில் பின் பிரேக். உருளைக் கல் கிடக்கும் செம்மண்ணில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் டயர் வழுக்கிக்கொண்டு போகும். காலில் தொடங்கி, கையை மெல்லச் சேர்க்க வேண்டும்.

அதன் பிறகுதான் இன்ஜின். பயந்தவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார், இறுக்கும்போது மணிக்கட்டு கீழே மடங்கும், எண்ணெய் கூடிவிடும், வண்டி பாயும். பாய்ந்ததும் இன்னும் இறுக்குவார். பழகப் போய் விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். மணிக்கட்டைத் தூக்கி வைத்துக்கொள், விரல் நுனியால் பிடி என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். பின்னால் ஏறி உட்காரவில்லை. எல் வைத்திருப்பவர் ஆள் ஏற்றக் கூடாது. அதோடு, பின்னால் உட்கார்ந்து தோளுக்கு மேலே கையை நீட்டிக் கத்துகிறவரிடம் யாரும் ஓட்டப் பழகியதாக எனக்குத் தெரியாது. தோழியின் வீட்டுக்காரர் ஒரு தடவை அப்படித்தான் முயன்றிருக்கிறார். அன்று சாயங்காலத்தோடு அது நின்றுபோனது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி.

நம் தோட்டங்களில் பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அப்பாவின் கப்சாயைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழகிவிடுவார்கள். பெரட்டு முடிந்து அப்பா காட்டுக்குப் போனதும் மோட்டார் அவர்கள் கையில். யாரும் வயசைக் கேட்டதில்லை. அதே லயத்தில், அவர்களுக்கு முன்பே எழுந்து நெத்திலி வறுத்து, கொட்டாங்கச்சியும் உளியும் எடுத்துப் பால்மரத்துக்குப் போன அம்மாக்கள், கிளினிக்குப் போக, பாசார் மாலாம் போக, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக யார் பின்னாலாவது ஒருக்களித்து உட்கார வேண்டியிருந்தது. தோட்டம் விற்றுப்போய், லயம் இடிந்து, தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. பஸ்ஸை நம்பிப் போகவும் முடியாது.

புக்கிட் பெலண்டோக்கில் ஓட்டத் தெரியாததன் விலை என்ன என்பதை நான் 1999இல் பார்த்தேன்.

முந்தைய ஆண்டு பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், அந்த ஆண்டுப் பிறப்பை ஒட்டி நம் பக்கம் வந்துவிட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லி, கொசுப் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்களே அதிகம், அவர்களில் நம்மவர்களும் உண்டு. மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். நம் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள், ராணுவம் வந்து சுட்டது. ஊரே காலியானது. கார் வைத்திருந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போனார்கள், மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்கள் பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு போனார்கள்.

என் அத்தை போகவில்லை. மாமா காய்ச்சலோடு சிரம்பானில் படுத்திருந்தார். அவருடைய ஹோண்டா வாசலில் நின்றது, சாவி சாமி மாடத்துப் பக்கம் ஆணியில் தொங்கியது, டாங்கியில் எண்ணெய் இருந்தது. கைக்குழந்தையோடு அத்தை வாசல்படியில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணைப் பக்கமிருந்து சுடும் சத்தம் கேட்கும். மறுநாள் யாரோ ஒரு சீனத் தவுக்கே தன் லாரியில் ஏற்றிப் போய் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார். மாமா பிழைத்து வந்தார். ஆனால் அத்தை பல வருடம் கழித்தும் மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: “தம்பிக்குப் பழகிக் கொடுத்தீங்களே, எனக்கு ஏன் பழகிக் கொடுக்கல?” மாமா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அந்தத் தோன்றாமையின் மேல்தான் எனக்கு இத்தனை வருடக் கோபம்.

ஆகவே ஒட்டுக்கடையில் கேட்டவருக்குச் சொல்கிறேன். தோழிக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் ஜொகூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருகிறார். மாமியாருக்கு டயாலிசிஸ், பெண்ணுக்கு டியூஷன். பக்கத்து வீட்டுப் பையன்களிடம் கெஞ்சிக் கெஞ்சி அவள் இந்த இரண்டையும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது மூன்றாம் கியருக்கு வந்துவிட்டாள். மேடு வந்தால் குதிகாலால் அழுத்திக் கியரைக் குறைக்கவும் தெரிகிறது.

ஜேபிஜே சோதனையில் அவளுக்குப் பயமெல்லாம் அந்தக் குறுகலான தித்தியான் மேல்தான். அதில் மெதுவாகப் போக வேண்டும், இறங்கிவிடக் கூடாது. அதற்கும் ஒரு பலகை போட்டுப் பழகுகிறோம். ஆனால் சோதனைக்கு என் மோட்டாரைக் கொண்டுபோக முடியாது, நிலையத்து மோட்டார்தான். ஒரே வண்டியில் பழகிய கை வேறு வண்டியில் தடுமாறும் என்பதால், எங்கள் வரிசையில் இன்னொருவரிடம் அவருடைய கிரிஸ் மோட்டாரை இரண்டு காலைப் பொழுதுக்குக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். கண்ணாடி என் செலவு என்று அவரிடமும் சொல்லியாகிவிட்டது.