இருபது பேர் நின்றால் இருபது முகம் வேண்டும்

மாலை வேளையில் கடற்கரையில் குழுப் படம் எடுக்கும் தம்பிமார்களுக்கு ஒரு கண்டனமும் ஒரு வேண்டுகோளும்.

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் இப்போது எந்த விசேஷம் என்றாலும் தேங்காப்பட்டணமோ முட்டமோ கன்னியாகுமரியோ போய், சூரியன் மறையும்போது படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. பழைய மாணவர் சந்திப்பு, ஓய்வூதியர் சுற்றுலா, கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தம், எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடுதான்: ஆட்கள் முன்னால், சூரியன் பின்னால். வானம் குங்குமமாக ஜொலிக்கிறது. அதன் முன்னே கரிக்கட்டைகளாக இருபது பேர். கேட்டால், "சார், இது சில்லவுட். இப்போ இதுதான் டிரெண்ட்" என்கிறார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்டவன் நான். இந்த வகைப் படத்துக்கு அந்த மொழியில் 'கோந்த்ர் ழூர்' என்று பெயர். வெளிச்சத்துக்கு எதிராக என்று பொருள் கொள்ளலாம். ஒற்றைத் தென்னையை அப்படி எடுங்கள், கட்டுமரத்தில் நிற்கும் மீனவரை எடுங்கள், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குழுப் படம் அழகுக்காக எடுப்பதல்ல. அது ஒரு வருகைப் பதிவேடு. அன்று யார் யார் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், யாராவது பணி ஓய்வு பெற்றால் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு ஒரு படம் எடுப்போம். அடியில் 'அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்' என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். இன்றும் விரல் வைத்து இன்னார் என்று பேரனிடம் சொல்ல முடிகிறது. இந்தக் கறுப்பு உருவங்களுக்கு அடியில் என்ன எழுதுவது? எழுபதைத் தாண்டிய எங்களில் ஒருவர் போய்விட்டால், வீட்டார் முதலில் தேடுவது கடைசியாக எடுத்த படத்தைத்தான். அதில் முகம் இல்லை என்றால், ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போடுகிறார்கள். இது நியாயமா?

"வெயில் முகத்தில் அடித்தால் கண் கூசுமே" என்பார்கள். நடுப்பகலுக்கு அது சரி. மறைவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் சூரிய ஒளி காற்றுக்குள் நெடுந்தூரம் கடந்து வருவதால் காட்டம் தணிந்து பொன்னிறமாகிவிடும். சுருக்கம் விழுந்த முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வெயில் படம் எடுப்பவர் முதுகில் இருக்கட்டும் என்பது பெட்டிக் கேமரா காலத்து விதி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த நேரத்தில் எடுப்பவருடைய நிழலே 60 அடிக்கும் மேல் நீளும். சற்று ஒதுங்கி நிற்காவிட்டால் முன்வரிசைக்காரர் மேல் விழுந்துவிடும்.

நேரமும் முக்கியம். நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்கும். கடலைத் தொட்டது முதல் முழுதும் மறைய 2 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். அப்போது போய் ஆட்களைக் கூப்பிட்டால் கதை முடிந்தது. மறையும் சூரியனும் வேண்டும் என்றால், அதைத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் கூடும் கூட்டம் எதைப் பார்க்க வருகிறது? மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும் காட்சியை. அன்று ஆட்களை மேற்குப் பார்த்து நிறுத்தினால் முகத்தில் பொன் வெயில், முதுகுக்குப் பின்னால் முழு நிலா!

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதைய ஏற்பாட்டில் இருபது முதுகுகளும் கடலைப் பார்த்து நிற்கின்றன. எடுப்பவரின் கண்ணோ செல்போன் திரையில். அலையை யார் பார்ப்பது? 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்காது. அது படம் எடுக்கப்போய் நடந்தது என்று சொல்லவில்லை. நம் கடல் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்றுதான் சொல்கிறேன். ஆட்களைத் திருப்பி நிறுத்தினால் இருபது ஜோடிக் கண்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதுகு காட்டுபவர் எடுப்பவர் ஒருவர்தான். அலை வந்தால் அவரைக் கூப்பிட்டு எச்சரிக்க இருபது வாய்கள் இருக்கின்றன. பாறை மேல் ஏற்றுவதையும் விட்டுவிடுங்கள். எங்கள் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது.

என் வயதுக்காரர்களே, 'பிள்ளைகள் விவரம் தெரிந்தவர்கள்' என்று சும்மா நிற்காதீர்கள். "மக்களே, எங்களை மேற்கே பார்க்க நிறுத்து" என்று வாய் திறந்து சொல்லுங்கள். எடுத்ததும் அங்கேயே படத்தை வாங்கி முகங்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள்.